இடப்பக்கம் நிழல் விழும் ஈ

சிப்பிமுனைக்காரர்கள் சிலுவை போடும்போது, மற்ற ஊர்க்காரர்களைப் போல நெற்றி, நெஞ்சு, இடத்தோள், வலத்தோள் என்று நான்கு இடம் தொட்டதும் கையை இறக்கிவிட மாட்டார்கள். ஐந்தாவதாக வலக்கையைக் காற்றில் ஒரு வீசு வீசி, எதையோ விரட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். இந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு போன வீடுகளில் முதல் ஞாயிற்றுக்கிழமைப் பூசையிலேயே மாமியார் முழங்கையால் இடித்து, "யாரப் பிள்ள போகச் சொல்லுத, எங்களையா?" என்று கேட்டுவிடுவாள். ஒரு காலத்தில் ஊரைப் பார்க்க வந்த ஆயர் ஒருவர், கோயில் நிறைய ஆட்கள் ஒரேமாதிரி கையை வீசுவதைக் கண்டு, இது அப்போஸ்தலர் காலத்திலேயே கடல்வழியாக வந்த வழக்கமாக இருக்க வேண்டும் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போனாராம். அவர் அவ்வளவு சந்தோசமாக எழுதிக்கொண்டிருந்ததால், அது ஈ ஓட்டுவது என்று சொல்ல யாருக்கும் மனசு வரவில்லையாம்.

ஈ இருந்தது பீடத்துக்கு மேலே தொங்கும் மாதா படத்தில். பாறையில் மோதி உடைந்த கப்பலிலிருந்து இந்த ஊர்க்காரர்கள் தன்னையும் தன் ஆட்களையும் கரைசேர்த்ததற்காக, இத்தாலி தேசத்துக் கப்பித்தான் ஒருவன், ஊர் திரும்பியதும் நன்றியாக அனுப்பிவைத்த படம் அது. நீல முக்காடு போட்ட மாதா, மடியில் தூங்கும் பிள்ளை, பிள்ளையின் கழுத்தில் பவள மாலை, ஒரு கை துவண்டு கீழே தொங்க மறு கையில் நெற்றி சிவந்த ஒரு குட்டிக் குருவி. முன்னால் ஒரு கல் கைப்பிடிச்சுவர், சுவரின் மேல் ஒரு ஆப்பிள், ஒரு வெள்ளரிக்காய், ஒரு ஈ. வரைந்தவன் யாரோ, மாதாவின் கண்ணுக்கு எடுத்துக்கொண்ட அதே பொறுமையை அந்த ஈயின் காலுக்கும் எடுத்துக்கொண்டிருந்தான். ஆறு காலிலும் மயிர் தெரியும், சிறகில் நரம்பு தெரியும், வலப்பக்கம் ஏதோ ஒரு ஜன்னலிலிருந்து வரும் வெளிச்சத்தில் ஈயின் இடப்பக்கம் எள்ளளவு நிழல் விழுந்து கிடக்கும். சிப்பிமுனையோ கருவாட்டு ஊர். பிறந்ததிலிருந்து ஈ ஓட்டிய கைகள், மாதாவின் சுவரில் ஒரு ஈ உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்குமா? இருக்கவில்லை. இருநூறு வருடமாக ஓட்டினார்கள். அது போகவில்லை. அது போகாது என்று தெரிந்த பிறகும் ஓட்டினார்கள், பிறகு ஏன் ஓட்டுகிறோம் என்பதை மறந்தும் ஓட்டினார்கள்.

அப்படி இருக்கையில்தான் ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கருவாடு விற்கும் கித்தேரி, கூடையைக் கோயில் வாசலில் இறக்கி வைத்துவிட்டு வந்து படத்தின் முன்னால் முழங்கால் போட்டாள்.

"மாதாவே, முப்பது வருசமா ஒங்கிட்ட நான் எதுவும் கேட்டதில்ல. மழ வேண்டாம், கருவாடு காயணும்னு கேட்டிருக்கேன், அதச் சேக்காத. இப்ப கேக்குதேன். அவிய எனக்கு வேணும்."

அவிய என்றது அவள் புருசன் சந்தியாகுவை. படகு எஞ்சின்களைப் பழுது பார்க்கிற சந்தியாகுவுக்கு இதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போயிருந்தது. இன்னும் இருபத்தோரு நாளில் நகரத்து ஆஸ்பத்திரியில் நெஞ்சைத் திறந்து மாற்றுவதாக டாக்டர் தேதி கொடுத்திருந்தார். சந்தியாகு அதைக் கேட்டு, "வால்வுதான? எத்தன மாத்தியிருக்கேன்" என்று சிரித்தவர். கித்தேரிக்குத்தான் அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்து, நெற்றி, நெஞ்சு, இடத்தோள், வலத்தோள் தொட்டு, ஐந்தாவதாகக் கையை வீசினாள். ஈ பறந்தது.

பறந்து, மாதாவின் முக்காட்டை ஒரு சுற்று சுற்றி, அணைந்திருந்த மெழுகுதிரி ஒன்றின் கரிந்த திரியில் இறங்கி முன்னங்கால்களைத் தேய்த்துவிட்டு, தெற்கு வாசல் வழியாக வெயிலுக்குள் போய்விட்டது. கித்தேரிக்கு முதலில் தோன்றியது ஒரு நிம்மதிதான், அப்பாடா ஒழிஞ்சுது என்று. எழுந்து, சேலையைத் தட்டி, கூடையைத் தலையில் வைத்து, பன்னிரண்டு அடி நடந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. திரும்பி ஓடிப்போய்ப் பார்த்தாள். ஆப்பிள் இருந்தது, வெள்ளரிக்காய் இருந்தது. ஈ இருந்த இடத்தில் வெறும் கல். நிழலையும் கையோடு எடுத்துக்கொண்டு போயிருந்தது.

பங்குச் சாமியார் பெர்க்மான்ஸ், ரோமாபுரியில் நான்கு வருடம் படித்தவர்; படித்த நேரம் போக மீதி நேரமெல்லாம் பழைய கோயில்களில் அண்ணாந்து படம் பார்த்துக் கழுத்து வலி வாங்கிக்கொண்டு வந்தவர். அவர் பூதக்கண்ணாடி வைத்து அந்த வெறும் கல்லை வெகுநேரம் பார்த்தார், பிறகு மணி அடிக்கச் சொல்லி ஊரைக் கூட்டினார். இப்படி ஒரு காரியம் நடக்குமா நடக்காதா என்று ஒருவரும் கேட்கவில்லை; நடந்துவிட்டது, இனி என்ன செய்வது என்பதுதான் கேள்வியாக இருந்தது. சாமியார் படத்தின் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். இந்தக் குருவி முள்முடியிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கப் போய், நெற்றியில் ரத்தம் பட்டுச் சிவந்த குருவி என்று அந்தக் காலத்து ஆட்கள் சொல்வார்கள். இந்த ஆப்பிள் ஆதாம் தின்ற பழம். பிள்ளை இப்படிக் கை துவளத் தூங்குவது, பின்னால் சிலுவையிலிருந்து இறக்கி இதே மடியில் கிடத்துவார்களே, அதற்கு முன்காட்சி.

"அந்தக் காலத்தில் மண்டையோடு வரைவார்கள், மணல் கடிகாரம் வரைவார்கள், அப்போதுதான் அணைந்த மெழுகுதிரியைப் புகையோடு வரைவார்கள். எல்லாம் ஒன்றைத்தான் சொல்லும். இந்த ஓவியர் ஈயை வரைந்தார். ஈ என்றால் சாவு."

 பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து தெக்லா எழுந்தாள். கோயில் சுவரை ஒட்டி வீடு உள்ளவள், எதிலும் முதல் ஆளாக இருக்க வேண்டும் என்று நினைப்பவள்.

"சாமி, ஒண்ணு கேக்கேன். பிள்ள பெத்த வீட்டுல, பிள்ள தூங்கையில, சாவு சாவுன்னு மூலைக்கு மூலை எழுதி வச்சவன் என்ன மனுசன்?"

"பயமுறுத்த இல்லம்மா."

"பெறவு?"

சாமியார் படத்தில் இருந்த வெறும் கல்லைச் சுட்டினார். "கண்ணுக்குத் தெரியாமல் எங்கேயோ இருக்கிறது என்றால்தான் பயம் அதிகம். இதோ இங்கே இருக்கிறது, இந்தச் சுவரில், வெள்ளரிக்காய்க்குப் பக்கத்தில் என்று தெரிந்துவிட்டால் ஆட்கள் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள் என்று நினைத்திருப்பார்."

"இப்ப வெள்ளரிக்காய்க்குப் பக்கத்துல இல்லியே" என்றாள் தெக்லா. எல்லோரும் திரும்பிக் கித்தேரியைப் பார்த்தார்கள்.

சிப்பிமுனையில் ஆளுக்கு ஆயிரம் ஈ. அதில் எது அந்த ஈ என்று யாருக்குத் தெரியும்? ஆகவே அன்று மாலையே ஊரில் ஈ அடிப்பது நின்றுவிட்டது. சாப்பாட்டுக் கடையில் ஈ கொல்லும் நீல விளக்கை இறக்கினார்கள், கருவாட்டுத் தளத்தில் வேப்பங்குலையைக் கீழே போட்டார்கள், காபித் தம்ளரில் விழுந்த ஈயை விரல் விட்டு எடுத்து, ஊதிக் காயவைத்து, தோளைத் தட்டிக்கொடுக்காத குறையாக வழியனுப்பினார்கள். எருமைகள்கூட வாலை ஆட்டுமுன் ஒரு கணம் யோசித்ததாகச் சொல்வார்கள்.

கண்டுபிடித்தவர் முடிதிருத்தும் அமலதாஸ். காலை பத்து மணி வெயிலில், வேம்பு நிழலுக்கு வெளியே, மீன் ஏலம் கூறும் லெயோனுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தபோது, லெயோனின் மீசையில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. சவரக்கத்தியின் நிழல் ஒரு பக்கம் விழுந்தது, மூக்கின் நிழலும் அதே பக்கம் விழுந்தது, ஈயின் நிழல் மட்டும் எதிர்ப்பக்கம், ஈயின் இடப்பக்கம் விழுந்தது. அமலதாஸ் கத்தியை மெல்லத் துடைத்து மடக்கினார்.

"என்னவே, பாதியில நிறுத்திட்டீரு?"

"லெயோன் அண்ணே, அசையாதீரும். ஒம்ம மேல படத்து ஈ இருக்கு."

லெயோன் அரை மீசையோடு வீட்டுக்குப் போனார். பதினோரு வருடமாகப் பேசாத தம்பி வீட்டுக்குப் போய் வாசலில் நின்று அழுதார், ஏலத்தில் மட்டமாகப் பேசிய ஆட்களிடம் மன்னிப்புக் கேட்டார், குளித்து, வெள்ளை வேட்டி உடுத்து, நெஞ்சில் செபமாலையை வைத்துக் கட்டிலில் நீட்டி நிமிர்ந்து படுத்துவிட்டார். உறவுக்காரர்கள் வந்து பாட்டுப் பாடினார்கள். ஒரு நாள் போயிற்று, இரண்டு நாள் போயிற்று, மூன்றாம் நாள் பாடினவர்களுக்குத் தொண்டை கட்டியது, நான்காம் நாள் லெயோன் கண்ணைத் திறந்து, "சாளக் குழம்பு வாசன வருது, யாரு வீட்டுல?" என்றார். தம்பி வீட்டில்தான். எழுந்து போய்ச் சாப்பிட்டார்.

அதற்குள் ஈ இருபத்தேழு பேர் மேல் உட்கார்ந்திருந்தது. உபதேசியார் மேல் உட்கார்ந்தது, ஊராட்சித் தலைவர் வழுக்கையில் உட்கார்ந்தது, முதல் நன்மை வாங்க வெள்ளைச் சட்டை போட்டு வரிசையில் நின்ற பிள்ளைகள் எல்லோர் மேலும் ஒரு சுற்று உட்கார்ந்தது, பெர்க்மான்ஸ் சாமியார் நற்கருணையை உயர்த்தியபோது கட்டைவிரலில் வந்து உட்கார்ந்தது. ஒருவரும் சாகவில்லை. அப்புறம் என்ன, பயம் போய்விட்டது. பயம் போன இடத்தில் பெருமை வந்தது. காலைச் செபத்துக்குத் திருந்தாதி மணி அடித்த கையோடு, உபதேசியார் வியாகுலம் கோயில் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஈயார் நேற்று மாலை நடுத்தெரு ஜெராந்து வீட்டில் தங்கியிருந்தார், இன்று காலை கிணற்றடிப் பக்கம் காணப்பட்டார், தாய்மார்கள் கவனிக்கவும்" என்று அறிவித்தார். ஈயார் வந்துபோன வீடுகளில் பலகாரம் செய்தார்கள். வராத வீடுகளில் முகம் தூக்கினார்கள். கோயிலை ஒட்டிய வீட்டுக்கு அது ஒரு தடவைகூட வராததில் தெக்லாவுக்கு இரண்டு வாரமாகத் தலைவலி.

"சாவுகூட நம்மள மதிக்க மாட்டேங்குதே" என்று புருசனிடம் குறைப்பட்டாள்.

பதினைந்தாம் நாள் ஈ, தொண்ணூற்றாறு வயது மோட்சம் வீட்டுக்குப் போயிற்று. மோட்சம் பழைய சங்கு குளிகாரர்; காது கேட்காது, ஆனால் சிரிப்பார். ஈ அவர் நெற்றியில் காலையில் உட்கார்ந்தது. மத்தியானமும் இருந்தது. அவர் கஞ்சி குடிக்கையில் இருந்தது, உறங்கையில் இருந்தது. சாயங்காலம் எழுந்து ஒரு தம்ளர் காபி கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, நெற்றியைத் தொடாமல் விரலால் சுட்டிக் காட்டி, "இன்னும் இருக்காரா?" என்று கேட்டார். இருக்கார் என்று தலையாட்டினார்கள். சரி என்று தலையை ஆட்டிப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அவர் போனதும் ஈயும் போயிற்று. ஊர் அந்தச் சாவைக் கல்யாணச் சாவாக எடுத்துச் செய்தது. இவ்வளவு மரியாதையாகக் கூட இருந்து கூட்டிக்கொண்டு போக யாருக்குக் கிடைக்கும் என்று பேசிக்கொண்டார்கள். அன்றிலிருந்து ஊரில் ஒரு தெளிவு உண்டாயிற்று: ஈ உட்காருவது வேறு, தங்குவது வேறு. உட்கார்ந்தால் ஒன்றுமில்லை. தங்கினால்தான்.

ஊருக்குத் தெளிவு வந்த அன்று கித்தேரிக்கு இருந்த கொஞ்சத் தெளிவும் போயிற்று. ஏற்கெனவே அவள் சந்தியாகுவின் கட்டிலைச் சுற்றிக் கொசுவலை கட்டி, வலை ஓரங்களை மெத்தைக்கு அடியில் செருகி, அதற்கு மேல் செங்கல் வைத்திருந்தாள். இப்போது இரண்டாவதாக ஒரு வலையும் கட்டினாள். சாப்பாடு உள்ளே போக ஒரு கை நுழையும் அளவு வழி. கை வெளியே வந்ததும் அதற்கும் ஒரு ஊக்கு.

"ஏட்டி, எளவட்டத்துல எத்தன மீன வலைக்குள்ள போட்டிருப்பேன். அதெல்லாம் சேந்து ஒங்கிட்ட சொல்லி விட்டுச்சோ?"

"பேசாமப் படுங்க."

"வெயில்ல கொஞ்சம் உக்காருதேன். கடலப் பாத்து நாளாச்சு."

"கடல் எங்கயும் போகாது. வால்வு மாத்திட்டு வந்து பாக்கலாம்."

"ஈ வந்தா வந்துட்டுப் போகுது, ஊருல எல்லார் மேலயும் உக்காருது. என்மேல மட்டும் உக்காராம இருந்தா நாளைக்கு லெயோன் என்ன மதிப்பானா?"

"ஒங்க மேல உக்காந்தா தங்கிரும்" என்றாள் கித்தேரி. "எனக்குத் தெரியும். அத வெளிய விட்டது நான். இருநூறு வருசம் சும்மா கெடந்தத, ஒங்களுக்காகக் கேட்டுட்டு, அதே கையால வெளிய விட்டேன்." சொல்லிவிட்டு வலைக்கு வெளியே தரையில் உட்கார்ந்து அழுதாள். சந்தியாகு இரண்டு வலைக்கு உள்ளிருந்து கையை நீட்டினார். வலை இடையில் இருந்ததால் அவள் தலையை அவரால் ஒழுங்காகத் தடவிக்கொடுக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் நாள் காலை, வியாகுலம் உபதேசியார் மைக்கில் தயங்கித் தயங்கி, "ஈயார் எங்கே இருக்கிறார் என்று இன்று தெரியவில்லை" என்றார். அதைக் கேட்டதும் கித்தேரி சட்டியை இறக்கி வைத்துவிட்டு வலையின் ஊக்கை ஒரு தரம் தொட்டுப் பார்த்தாள். எங்கே இருக்கிறது என்று தெரியாது என்றால் எங்கேயும் இருக்கலாம். வேனில் இருக்கலாம், டாக்டரின் கையுறையில் இருக்கலாம், அந்தப் பெரிய விளக்கின் அடியில், திறந்த நெஞ்சுக்கு ஒரு முழம் உயரத்தில் காத்திருக்கலாம். அப்போதுதான் சாமியார் அன்று கோயிலில் சொன்னது அவளுக்கு நினைவுக்கு வந்தது, இங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் போதும் என்று சொன்னாரே, அது. கித்தேரி எழுந்தாள். உள்ளங்கையில் ஒரு சிட்டிகை கருப்பட்டியைத் தேனில் குழைத்து வைத்தாள். வீடு வீடாகப் போனாள்.

தெக்லா வீட்டு வாசலில் கதவு சாத்தியிருந்தது. பகலில் தெக்லா கதவு சாத்தி யாரும் பார்த்ததில்லை.

"தெக்லாக்கா, தொறங்க. உள்ள இருக்கு. எனக்குத் தெரியும்."

"என்னது இருக்கு? ஒண்ணும் இல்ல."

"பின்ன ஏன் பணியாரம் வாசம் வருது?"

கதவு ஒரு விரல் அகலம் திறந்தது. "மூணு வாரம் கழிச்சு இப்பத்தான் பிள்ள வந்திருக்கு. வந்து அரை மணி நேரம் ஆகல. எங்க வீட்டுத் தண்ணிகூட இன்னும் குடிக்கல. நீ கூட்டிட்டுப் போக வந்துட்டியா?"

"அவியளுக்கு நாளைக்கு ஆப்பரேசன்."

"அதுக்கு அது வராம இருக்கணும்னுதான நீ வலை கட்டின?"

"இப்ப வரட்டுங்கேன். என் பக்கத்துல உக்காரட்டும். அவிய உள்ள இருக்கையில அது வெளிய எங்கூட இருந்தா, உள்ள இல்லன்னு எனக்குத் தெரியும்ல?"

தெக்லா அதை மனசுக்குள் இரண்டு தரம் திருப்பிப் பார்த்தாள். பிறகு கதவைத் திறந்தாள். மேசையில், பூ போட்ட பீங்கான் தட்டில், ஒரு பணியாரத்தின் உச்சியில் ஈ இருந்தது, ஜன்னல் எந்தப் பக்கம் என்ற கவலையில்லாமல் இடப்பக்கம் நிழலைப் போட்டுக்கொண்டு. கித்தேரி கருப்பட்டிக் கையை நீட்டி, கல்யாணத்துக்கு அழைப்பதைப் போல முறையாகச் சொன்னாள்: "எங்க வீட்டுல ஒரு காரியம் இருக்கு. நீரு வந்து கூட இருக்கணும்." ஈ பணியாரத்திலிருந்து கைக்கு வந்தது.

"நானும் வாரேன்" என்றாள் தெக்லா, சேலையை மாற்ற உள்ளே போனபடி. "கொண்டுபோனது நீ, திருப்பி எங்க வீட்டுல கொண்டாந்து விடுறது என் பொறுப்பு."

வலையைப் பிரித்தபோது சந்தியாகு, வந்திருக்கும் விருந்தாளியைப் பார்த்தார். "வாரும்" என்றார். "முன் சீட்டுல உக்காருதீரா? காத்து வரும்." வேனில் ஈ முன்கண்ணாடியில் தொங்கிய மாதா சுரூபத்தின் மேல் உட்கார்ந்து வந்தது. ஊர் எல்லை வரை லெயோன் அரை மீசையோடு சைக்கிளில் கூடவே வந்தார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குச் சந்தியாகுவை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. ஐந்து மணி நேரம் ஆகும் என்றார்கள். வெளியே நீண்ட நடையில் ஒரு இரும்பு பெஞ்சி. பெஞ்சியின் ஒரு முனையில் கித்தேரி, நடுவில் டிபன் டப்பா, டப்பாவின் மூடியில் ஈ, மறு முனையில் தெக்லா. வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் வருகிற மாதிரி டியூப்லைட் போட்டிருந்ததால் அந்த நடையில் ஆளுக்கும் நிழல் இல்லை, பெஞ்சிக்கும் நிழல் இல்லை. ஈக்கு மட்டும் இருந்தது. அரைமணி நேரத்தில் தெக்லா, தூக்கத்தில் வாய் திறந்துவிடுமே, இது உள்ளே போய்விட்டால் என்ன செய்வது என்று துண்டால் வாயை மூடிக்கொண்டு தூங்கிப்போனாள். கித்தேரி தூங்கவில்லை. ஈயைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அது கைகளைத் தேய்த்தது. முகத்தைக் கழுவியது. முப்பது வருடமாக ஓட்டியிருக்கிறாள், ஒருநாளும் இப்படி உட்கார்ந்து பார்த்ததில்லை. கறுப்பு என்று நினைத்திருந்தாள். கிட்டத்தில் பார்த்தால் பச்சையும் நீலமும் பொன்னுமாக, வரைந்தவன் என்னென்ன நிறம் வைத்திருந்தானோ அத்தனையும் அதில் இருந்தது.

பதினொன்றரை மணிக்கு நடையைத் துடைக்க வந்த முத்துப்பேச்சி என்ற பெண், பெஞ்சியில் ஈயைப் பார்த்ததும் துடைப்பத்தைச் சாத்திவிட்டு, இடுப்பிலிருந்த கொசு பேட்டை எடுத்து ஓங்கினாள்.

"அடிக்காதம்மா! அடிக்காத! அது எங்கூட வந்தது!"

முத்துப்பேச்சி பேட்டை ஓங்கியபடியே நின்றாள். "உங்ககூட வந்ததா? யாரு, சொந்தமா?"

"ஊர்க்காரர்" என்றாள் கித்தேரி.

ஆனால் பேட்டின் வீச்சில் ஈ கலைந்துவிட்டது. எழுந்து, நடையின் குறுக்கே பறந்து, ஆப்பரேசன் அறைக் கதவுக்கு முன்னால் தரையில் இறங்கியது. கதவுக்கும் தரைக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி. அதன் வழியாக உள்ளேயிருந்து குளிர்காற்று வந்துகொண்டிருந்தது. ஈ அந்த இடைவெளியை நோக்கி நடந்தது. பறக்கவில்லை, நடந்தது.

கித்தேரி தரையில் முழங்கால் போட்டாள். கருப்பட்டி எடுக்க நேரமில்லை, டப்பா திறக்க நேரமில்லை. கையை நீட்டி, ஈக்கும் கதவுக்கும் நடுவில் தரையோடு தரையாக வைத்தாள்.

"அங்க வேண்டாம். இங்க வாரும்" என்றாள். "ஒரு நிமிசம் உக்காந்துட்டுப் போகச் சொல்லல. எம்மேல தங்கும். எவ்வளவு நேரம் வேணும்னாலும் தங்கும்."

முத்துப்பேச்சிக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் பேட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். ஈ கதவுக்கு ஒரு விரற்கடை இப்புறம் நின்றது. தலையை இப்படியும் அப்படியும் திருப்பியது. பிறகு கித்தேரியின் சுண்டுவிரலில் ஏறி, உள்ளங்கை வழியாக நடந்து, மணிக்கட்டில் நாடி துடிக்கிற இடத்தில் போய் உட்கார்ந்தது.

அவள் கையை அசைக்காமல், முழங்காலால் நகர்ந்தே பெஞ்சிக்கு வந்து ஏறி உட்கார்ந்தாள். பன்னிரண்டு மணி ஆயிற்று. ஈ இருந்தது. ஒரு மணி ஆயிற்று, இருந்தது. மோட்சத்தின் நெற்றியை நினைத்துப் பார்த்தாள். கூடையில் மீதிக் கருவாடு வெயிலில் கிடக்கும், பக்கத்து வீட்டில் எடுத்து வைத்திருப்பார்கள். நீலச் சேலை பெட்டிக்குள் அடியில் இருக்கிறது, அதைத்தான் உடுத்தச் சொல்ல வேண்டும், தெக்லா விழித்ததும் சொல்லிவிடலாம். அவியளுக்குப் புளி அதிகம் போட்டால் ஆகாது, அதையும் சொல்ல வேண்டும். கை மரத்துப்போய்த் தோள்வரை வலித்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. வயிறு பசித்தது, மூன்று வாரத்துக்குப் பிறகு நன்றாகப் பசித்தது. டப்பாவை இடக்கையால் திறந்து, தெக்லா கொண்டுவந்த பணியாரத்தில் ஒன்றைத் தின்றாள். ஒரு துணுக்கை மணிக்கட்டுக்குப் பக்கத்திலும் வைத்தாள்.

"கூட்டிட்டுப் போக வந்தீரா, தொணைக்கு வந்தீரா?" என்று மெதுவாகக் கேட்டாள். "எதுன்னாலும் சாப்பிடும்."

ஈ சாப்பிட்டது. இரண்டாவது பணியாரத்தையும் இருவரும் சாப்பிட்டார்கள். நாடி, ஈயின் காலுக்கு அடியில், அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது.

இரண்டேகால் மணிக்குச் சிவப்பு விளக்கு அணைந்தது. டாக்டர் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு வெளியே வந்தார், இளம் வயதுக்காரர், சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தவர் போலிருந்தார்.

"நல்லபடியா முடிஞ்சதும்மா. மயக்கம் லேசா தெளியும்போது என்ன கேட்டார் தெரியுமா? எஞ்சின் பிடிச்சிருச்சா, சத்தம் எப்படி இருக்குன்னு கேக்கிறார்."

தெக்லா துண்டை எடுத்துவிட்டு, "என்ன ஆச்சு, என்ன ஆச்சு?" என்று எழுந்தாள். முத்துப்பேச்சி அம்மன் முன்னால் நிற்பவள் போலக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கித்தேரி எழுந்து நிற்கப் பார்த்தாள், கால் மரத்திருந்ததால் திரும்ப உட்கார்ந்தாள், உட்கார்ந்தபடியே சிரித்தாள், அந்தச் சிரிப்பில் கை குலுங்கியபோதும் ஈ இடம் மாறவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஒரு நர்ஸ் பாதிக் கதவைத் திறந்து தலையை நீட்டினாள். "சந்தியாகு கூட வந்தவங்க யாரு? முழிச்சிட்டார், உங்களத்தான் கேக்கிறார். ஆனா ஒருத்தர்தான் உள்ள வரலாம்."

கித்தேரி எழுந்தாள். தெக்லாவைப் பார்த்தாள், தெக்லா, போ போ என்று கையைக் காட்டினாள். பிறகு கித்தேரி தன் மணிக்கட்டைப் பார்த்தாள். குனிந்து, கையைப் பெஞ்சியின் மேல் தாழ்த்தி, பணியாரத் துணுக்கை அங்கே வைத்தாள். ஈ மெல்ல இறங்கி அதன் பக்கத்தில் நின்றது.

"கேட்டீரா? ஒருத்தர்தானாம்" என்றாள். "நீரு இங்கயே இரும்."

சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள்.